கேட்காமலே மூட்டுகிறவர்

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீட்டுக் கொல்லையில் புகை எழும்பினால் தெருவில் இருக்கிற அத்தனை பேரும் கைவேலையைப் போட்டுவிட்டு எட்டிப் பார்ப்பார்கள். அடுப்புப் புகையாக இருந்தால் யார் சட்டை செய்யப்போகிறார்கள்? இது கரிவண்டிப் புகை. மேஸ்திரி கரிவண்டிக்கு நெருப்பு மூட்டிவிட்டார் என்றால், இன்னும் அரை மணி நேரத்தில் தெருவில் யாருக்கோ எதுவோ ஆகப்போகிறது என்று அர்த்தம். யாருக்கு, என்ன என்பது மட்டும்தான் தெரியாது.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவருக்குப் பேத்திகள் இருக்கிறார்கள். எதற்கெடுத்தாலும் சண்டைக்கு வருகிற வம்சம் அது. தெருவுக்கு அவர் மேஸ்திரி, எனக்கு மாமா. சொந்தம் ஒன்றும் இல்லை. ஒரே தெரு, ஒரே மாதா கோயில், ஞாயிற்றுக்கிழமை ஒரே பூசை. அந்தக் காலத்தில் மாமா என்று கூப்பிட அது போதும். அவரைப் பற்றி எழுத வேண்டுமானால் நடக்காமல் போன என் கல்யாணத்தைப் பற்றியும் எழுதியாக வேண்டும். அந்தத் தயக்கத்தில்தான் இத்தனை வருஷம் பேனாவை எடுக்கவில்லை.

இரண்டாம் யுத்தத்துக்கு ஓரிரண்டு வருஷம் முன்பு, எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தபோது நடந்தது இது. ஊர்ப் பஞ்சாலையில் இருந்த வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது தன்னுடைய பழைய காரை மேஸ்திரி தலையில் கட்டிவிட்டுப் போனார். அது பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கிற வண்டி. மேஸ்திரி இருபது வருஷம் அதே ஆலையில் பாய்லருக்கு முன்னால் நின்றவர். பெட்ரோலை நம்பி அவரால் வண்டி ஓட்ட முடியாது. ஆனால் நெருப்பைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. பிரெஞ்சுப் புத்தகம் ஒன்றில் படத்தைப் பார்த்து, ஆள் உயர இரும்பு உருளை ஒன்று செய்து காருக்குப் பின்னால் பொருத்தினார். மேல் மூடியைத் திறந்து சவுக்குக் கரியைக் கொட்ட வேண்டும். கீழே சின்னக் கதவு வழியாக மண்ணெண்ணெயில் நனைத்த துணியைக் கொளுத்திப் போட்டு, கைப்பிடி போட்ட விசிறியைச் சுற்ற வேண்டும். முதலில் வருவது வெறும் புகை. சுற்றிச் சுற்றித் தோள் கழன்ற பிறகு, ஒரு குழாய் முனையில் தீக்குச்சியைக் காட்டினால் நீலமாகப் பற்றிக்கொள்ளும். அதுதான் காஸ். அப்புறம் கொஞ்சமே கொஞ்சம் பெட்ரோலில் இஞ்சினைக் கிளப்பி, அது ஓட ஆரம்பித்ததும் பெட்ரோலை அடைத்துவிட்டு காஸைத் திறந்துவிடுவார். மாற்றுகிற அந்த நொடியில் வண்டி ஒரு தடவை விக்கும், தும்மும், பிறகு சமாதானமாகி ஓடும்.

நெருப்பு மூட்டுவதற்கும் வண்டி நகர்வதற்கும் நடுவில் இருந்த அந்த அரை மணி நேரம்தான் மனிதரைக் கெடுத்தது. அவசரம் என்று யாராவது ஓடி வந்தால் அரை மணி காத்திருங்கள் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. முழுக்கப் பெட்ரோலிலேயே ஓட்டவும் மனசு வராது. அதனால் அவசரம் வருவதற்கு முன்னாலேயே மூட்டிவிடுவது என்று முடிவுசெய்துவிட்டார்.

“கேட்டப்புறம் மூட்டினா லேட்டு. மூட்டிட்டுதான் கேக்கணும்” என்பார். எங்கள் தெருவில் இதை மனப்பாடமாகச் சொல்லாத ஆள் கிடையாது, எல்லோரும் கேலியாகத்தான் சொல்வோம்.

எப்படிக் கண்டுபிடிப்பார் என்கிறீர்களா? வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கரியைக் கொட்டைப்பாக்கு அளவுக்கு உடைத்துச் சலித்துக்கொண்டே தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். முனை வீட்டுப் பெண் நிறைமாதம். ஒரு நாள் காலையில் அவள் மீன்காரியிடம் இறால் வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். இறால் என்றால் உயிரை விடுகிறவள் அவள். மேஸ்திரி சல்லடையைக் கீழே வைத்தார், கொல்லைக்குப் போனார், மூட்டினார். விசிறி சுற்றி முடிப்பதற்குள் அந்த வீட்டில் “ஐயோ அம்மா” என்று குரல் கேட்டது. மாமியார்க்காரி தலைவிரி கோலமாக ஓடி வந்தபோது வண்டி அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தது. இந்த ஒரு கதையை வைத்துக்கொண்டு மனிதர் ஒரு வருஷம் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

எதிர்வீட்டுப் பெரியவர் விஷயத்தில் மட்டும் அடி விழாத குறைதான். அவர் வயசானவர், நாலு நாளாகப் படுக்கை. அன்று காலை, சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூச வருகிற பங்குச் சாமியாரின் சைக்கிள் அந்த வீட்டு வாசலில் நின்றதைப் பார்த்துவிட்டு மேஸ்திரி மூட்டிவிட்டார். புகையைப் பார்த்ததும் பெரியவருடைய மகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான்.

“யோவ் மேஸ்திரி, எங்கப்பாரு இன்னும் கஞ்சி குடிச்சிக்கினுதான் இருக்காரு. அதுக்குள்ள எதுக்குய்யா மூட்டுன?”

“ஆஸ்பத்திரிக்குத்தாம்பா மூட்டனேன். கல்லறைக்கு இல்ல.”

“ரெண்டும் ஒரே ரோட்லதான்யா இருக்குது!”

இந்தச் சத்தம் உள்ளே படுத்திருந்த பெரியவர் காதில் விழுந்திருக்கிறது. என்ன நினைத்தாரோ, எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு, கைத்தடியை ஊன்றி வந்து காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். “ஆஸ்பத்திரி வாணாம், கடக்கரைக்கு உடு” என்றார். கடற்கரையில் ஒரு பொட்டலம் வேர்க்கடலையும் தின்றுவிட்டுத் திரும்பி வந்தார். அதன் பிறகு ஆறு வருஷம் இருந்தார். மேஸ்திரி மூட்டியதால்தான் ரோஷம் வந்து தான் பிழைத்ததாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆனால் நான் ஒரு பள்ளிக்கூடத்து வாத்திச்சி. பெண்கள் பள்ளியில் சின்ன வகுப்புக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இந்தப் புகழ்ச்சியெல்லாம் எனக்கு ஒத்துவரவில்லை. பழைய நோட்டு ஒன்றில் குறித்துவைக்க ஆரம்பித்தேன். நாலு மாதத்தில் பதினோரு தடவை மூட்டினார். பலித்தது நாலு. மற்ற ஏழு தடவையும், மூட்டிய நெருப்பு வீணாகக் கூடாது என்று, கூடையோடு நடந்து போகிற மீன்காரிகளை ஏற்றிக்கொண்டு போய்ச் சந்தையில் இறக்கிவிட்டு வந்தார். வண்டியில் அதற்கப்புறம் எந்த மாப்பிள்ளை ஏறினாலும் வாளைக்கருவாட்டு வாசனைதான். நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவரிடமே காட்டினேன்.

மூக்குக்கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். “நாலு பேரு போதாதா பாப்பா?” என்று கேட்டார். நோட்டை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

வழியில் கரி போடுவது ஒரு பெரிய சடங்கு. வண்டியை நிறுத்திவிட்டு எல்லோரையும் இறக்கி, காற்று வருகிற பக்கமாகப் பத்தடி தள்ளி நிற்கவைப்பார். கலெக்டரே வந்தாலும் இறங்கித்தான் நிற்க வேண்டும். மூடியைத் திறந்ததும் உள்ளே தேங்கிய காஸ் குப்பென்று பற்றி ஆள் உயரத்துக்கு எழும்பி அடங்கும். அது அடங்கிய பிறகுதான் மூட்டையை அவிழ்ப்பார். ஒரு தடவை கடலூர் போகிற வழியில், எல்லையில் இருந்த இங்கிலீஷ்காரன் சாவடிச் சிப்பாய் ஒருவனுக்கு அந்த உருளைமேல் சந்தேகம் வந்துவிட்டது. உள்ளே கடத்தல் பிராந்தி பாட்டில் இருக்கிறதாம். “தெறக்காதீங்கய்யா, உள்ள நெருப்பு” என்று மேஸ்திரி சொல்லச் சொல்ல, சிப்பாய் மூடியைத் திறந்து முகத்தை நீட்டினான். அவன் “ஆ” என்று அலறிக்கொண்டு திரும்பியபோது, மேஸ்திரி தேங்காய் எண்ணெய்ப் புட்டியைத் திறந்து கையில் ஊற்றித் தயாராக நின்றுகொண்டிருந்தார். ஒரு பக்கத்து மீசை போனதோடு சரி. வண்டியில் இருந்த நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினேன். அவன் நடந்து வரும்போதே இவர் புட்டியைத் தேட ஆரம்பித்துவிட்டார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஊரெல்லாம் அவரைக் கேலி செய்தாலும் வெறுத்தது ஒரே ஒருத்தி, என் அத்தை. அப்பாவுக்கு அக்கா. என் அம்மா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டதால் எங்கள் வீட்டை அத்தைதான் நடத்தினாள், அப்பாவையும் சேர்த்துத்தான். ஒரு மாதா திருநாள் அன்று தெருவில் இருந்த வண்டிகளையெல்லாம் சாமியார் மந்திரித்தார். கரிவண்டிமேல் நாலு சொட்டுத் தீர்த்தம்தான் விழுந்தது. பக்தி மிகுந்த எங்கள் அத்தைக்கு அது பற்றவில்லை. வீட்டில் பத்திரமாக வைத்திருந்த தீர்த்தப் பாட்டிலைக் கொண்டுபோய், யாரும் பார்க்காதபோது மேல்மூடியைத் திறந்து முழுசாக உள்ளே ஊற்றிவிட்டாள். அன்று சாயங்காலம் தேர் பார்க்கப் புறப்பட்ட பதினைந்து பேரும், மேஸ்திரி விசிறி சுற்றிச் சுற்றிக் களைத்ததைப் பார்த்துவிட்டு நடந்தே போனார்கள்.

“மாதா தீர்த்தம் நல்லதுதாம்மா” என்றார் மேஸ்திரி, மூக்கு நுனியில் கரியோடு. “அதுக்காக கரிக்கெல்லாம் ஞானஸ்நானம் குடுக்கலாமா?”

தெருவே சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை.

அந்த அத்தைதான் எனக்கு மாப்பிள்ளை பார்த்தாள். சைகோனில் பிரெஞ்சு சர்க்கார் வேலை, நாற்பத்தைந்து வயசு, மனைவி செத்துப்போனவர், லீவில் வந்திருக்கிறார், கல்யாணம் முடிந்த கையோடு கப்பல் ஏற வேண்டும். ஊரில் பாதிப் பேர் சைகோன் பணத்தில்தான் வீடு கட்டியிருந்தார்கள். அதனால் யாருக்கும் இதில் குறை தெரியவில்லை. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, என்னோடு வேலை பார்த்தவளுடைய அண்ணன் சைகோனிலிருந்து எழுதிய கடிதம் என் கைக்கு வந்தது. மாப்பிள்ளைக்கு அங்கே ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டில் ஒரு பெண்ணும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று அதில் இருந்தது.

அத்தையிடம் காட்டினேன். “ஆம்பள தனியா இருந்தா அப்படித்தான். நீ போனா சரியாயிடும். வாக்குக் குடுத்தாச்சு” என்றாள். அப்பாவிடம் காட்டினேன். அப்பா கோர்ட்டில் குமாஸ்தா. வீட்டிலும் கோர்ட்டில் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார், அதுவும் அக்கா இல்லாத நேரமாகப் பார்த்து. கடிதத்தை இரண்டு தடவை படித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “பாக்கலாம்மா” என்றார். அவ்வளவுதான். அந்தப் பத்து நாளும் நான் அப்பாவை வெறுத்தேன். இன்று இதை ஒளிக்க எனக்கு விருப்பமில்லை. மாப்பிள்ளைமேல்கூட அவ்வளவு கோபம் இல்லை, அவர் யாரோ. இவர் என் அப்பா.

கல்யாணத்தன்று காலையில் தலையில் பூ வைத்துக்கொண்டிருக்கும்போது மேஸ்திரி கொல்லையில் புகை எழும்பியது.

“கல்யாணமும் அதுவுமா எந்த எழவுக்கு மூட்டறான் இந்த ஆளு?” என்று அத்தை சிலுவை போட்டுக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டார் கடனாக வாங்கிக்கொண்டு வந்த பெரிய பெட்ரோல் கார் வெள்ளைப் பூவோடு வாசலில் நின்றது. நாங்கள் ஏறும்போது மேஸ்திரி கரிக்கையைத் துடைத்துக்கொண்டே தன் வாசலுக்கு வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

எங்கள் ஊர் வழக்கப்படி முதலில் ‘மேரி’யில் கல்யாணம், பிறகுதான் கோயிலில். மேரி என்று நாங்கள் சொல்வது கடற்கரையில் இருக்கிற நகரசபைக் கட்டடத்தை. மூவர்ணப் பட்டையை மார்பில் குறுக்காகப் போட்டுக்கொண்டு ஓர் அதிகாரி சட்டத்தைப் பிரெஞ்சில் படித்தார். புருஷன் எங்கே குடியிருக்கத் தீர்மானித்தாலும் மனைவி பின்னாலேயே போகக் கடமைப்பட்டவள் என்று ஒரு வரி வந்தது. என்னோடு வந்த பெண்களில் பிரெஞ்சு தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவர்களுக்கு அது மந்திரம், எனக்குக் கப்பல். மாப்பிள்ளையிடம் சம்மதமா என்று கேட்டார்கள். “வுய்” என்றார் அவர், கணீரென்று. பிறகு என்னிடம் கேட்டார்கள்.

அந்த நேரத்தில் கடற்காற்றோடு ஜன்னல் வழியாகக் கரிப்புகை வாசனை உள்ளே வந்தது. மேரி வாசலில் வண்டி நிற்கிறது. அப்படியானால் அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. ஊரில் ஒருவருக்காவது என் மனசு தெரிந்திருக்கிறது. எனக்குக் கால் ஊன்றியது.

“நோன், முசே” என்றேன்.

அதிகாரிக்குக் காது கேட்கவில்லை போலிருக்கிறது, இன்னொரு தடவை கேட்டார். பிரெஞ்சு புரியாதவர்களுக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே சொன்னேன். “எனக்கு சம்மதம் இல்லைங்க.”

அத்தை போட்ட கூச்சலை எழுதப்போவதில்லை. நான் யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தேன். கீழே கரிவண்டி உறுமிக்கொண்டிருந்தது, பின்கதவு திறந்திருந்தது. ஏறி உட்கார்ந்தேன்.

“கெளம்புங்க மாமா.”

“இரு பாப்பா. இன்னும் ஒரு ஆளு வரணும்.”

எனக்கு உயிரே போய்விட்டது. மாப்பிள்ளையை ஏற்றப்போகிறாரா? அத்தையையா? கதவைத் திறந்து குதித்துவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் மேரியின் படிகளில் ஒருவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கி ஓடி வந்தார். என் அப்பா ஓடி அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. என் பக்கத்தில் விழுந்தமாதிரி உட்கார்ந்து, “எடு மேஸ்திரி, எடு!” என்றார். பின்னால் மாப்பிள்ளை வீட்டார் பத்துப் பேர் வந்துகொண்டிருந்தார்கள். மேஸ்திரி அன்று காஸை மூடிப் பெட்ரோலிலேயே வண்டியை விரட்டினார். அரியாங்குப்பம் பாலம் ஏறி இறங்கிய பிறகுதான் மாற்றினார். வண்டி விக்கி, தும்மி, சமாதானமானது.

“எப்படி மாமா தெரிஞ்சுது ஒங்களுக்கு?” என்று கேட்டேன். குரல் அழுதுகொண்டே வந்தது.

“எனக்கு ஒண்ணும் தெரியல பாப்பா” என்றார், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “நீ சைகோனுக்கு ஜோராப் போவேன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன். நேத்து சாயங்காலம் முசேதான் வந்து சொன்னாரு. காலைல மூட்டி மேரி வாசல்ல நில்லு, தேவப்படலாம்னாரு.”

முசே என்று அவர் மரியாதையாகச் சொன்னது என் அப்பாவை. அப்பா தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அதன் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

தவளக்குப்பத்தில் கரி போட வண்டி நின்றது. வழக்கம்போல எங்கள் இரண்டு பேரையும் இறக்கிப் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார். புளியமரத்தடியில் நின்றோம். கல்யாணப் புடவையில் நான், கோட்டும் கழுத்துப் பட்டையுமாக அப்பா. சந்தைக்குப் போகிறவர்கள் எங்களை விட்டு ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

“ஏன்பா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல? பத்து நாளா நான் செத்துப் பொழச்சேன்.”

அப்பா தொப்பியைக் கை மாற்றிக்கொண்டார். “அக்காவுக்கு எதுத்தாப்புல பேச எனக்குத் தைரியம் வரலம்மா. அம்பது வருஷமா வரல. ஒனக்கு வந்துடும்னு தோணுச்சு. வந்துட்டா, நீ அத்தன பேரு நடுவுல வீட்டுக்கு நடந்து வரக் கூடாது. அதுக்குத்தான் வண்டி சொன்னேன்.”

கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. அவர் கோட்டில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். மேஸ்திரி ஒரு மூட்டைக் கரியை ஒவ்வொரு துண்டாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

நன்றாக இருட்டிய பிறகுதான் வீடு திரும்பினோம். மறுநாள் காலையில் அத்தை மேஸ்திரி வாசலுக்குப் போனாள். தெரு முழுக்க வெளியே வந்து நின்றது. குடும்ப மானம், கப்பல் டிக்கெட், சொந்தக்காரர்கள் முகம், எல்லாவற்றையும் அவர் தலையில் போட்டு உடைத்தாள். கடைசியில், “யாரு சொல்லிய்யா மேரி வாசலுக்கு வண்டி கொண்டாந்த? யாரு சொன்னது?” என்றாள்.

அப்பாவும் நானும் எங்கள் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். மேஸ்திரி முக்காலியிலிருந்து எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

“யாரும் சொல்லலம்மா. பொண்ணு மொகத்தப் பாத்தேன். எனக்கே தோணுச்சு, மூட்டிட்டேன். தப்புன்னா ரெண்டு அடி அடிச்சிட்டுப் போங்க.”

பக்கத்தில் அப்பா இல்லை. திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் வாசற்படி தாண்டித் தெருவில் போய்க்கொண்டிருந்தார், காலில் செருப்புகூட இல்லாமல். அக்காவுக்கு முன்னால் போய் நின்றார்.

“இல்லக்கா. நான்தான் சொன்னேன்.”

அன்றைக்கு அவர் குரல் தாழவில்லை. தெருக்கோடி வரைக்கும் கேட்டது. அத்தை வாயைத் திறந்தாள், மூடினாள், ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். அவள் வாயடைத்துப் போனதைத் தெரு அதுவரை பார்த்ததில்லை.

மேஸ்திரி மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார்.

“என்ன முசே, இப்படிக் கெடுத்துட்டீங்களே” என்றார். “தெரு பூரா நான் கண்டுபுடிச்சேன்னு நெனச்சிக்கினு இருந்துச்சு.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தெரியும், அவருக்கு நிஜமாகவே வருத்தம்தான்.